சிவப்பு நாடா

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மிக்கு இறக்கை கிடையாது. எங்கள் செஸ்னாவுக்கு உண்டு, நுனியிலிருந்து நுனிவரை 36 அடி. டெக்சஸில் ஆடி வருவதில்லை. அதற்குப் பதிலாக மார்ச் தொடங்கி ஜூன்வரை ஒரு பருவம் வருகிறது. பகலெல்லாம் தெற்கிலிருந்து விடாமல் அடிக்கும். மாலையில் மேற்கே கறுப்பாக ஒரு மேகம் எழும்பி, மழைக்கு முன்னால் குளிர்ந்த காற்றை மட்டும் தரையோடு தள்ளி அனுப்பும். அந்தக் காற்று சில நேரம் ஐந்து நிமிடம்தான் வீசும். இந்தக் கட்டுரையில் வரப்போகிற பலகை, ஆணி, கயிறு எல்லாம் அந்த ஐந்து நிமிடத்துக்காக.

விமானம் 1974-ஆம் ஆண்டின் செஸ்னா 172. நான்கு பேர் சேர்ந்து வைத்திருக்கிறோம். ‘சொந்த விமானம்’ என்று சொன்னதும் ஊரில் உறவினர்கள் ஒரு நொடி பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். என் கால் பங்கு நான் ஓட்டும் காரைவிட மலிவு என்று விளக்குவதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடும். 1956-இல் விற்பனைக்கு வந்த இந்த மாதிரியில் 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். வேறு எந்த விமானமும் இத்தனை செய்யப்பட்டதில்லை. நம் ஊர் அம்பாசிடரைப் போல என்று சொன்னால் ஓரளவு பிடிபடும். காலியாக 600 கிலோவுக்குச் சற்று மேல். தனியாளாக வாலை அழுத்தி, மூக்குச் சக்கரத்தைத் தூக்கி, நின்ற இடத்தில் திருப்பிவிடலாம். எங்கள் திடலில் கூரை போட்ட கொட்டகைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே அது வெளியில்தான் நிற்கிறது, இறக்கைக்கு ஒன்று வீதம் இரண்டும் வாலுக்கு ஒன்றுமாக மூன்று கயிற்றில் கட்டப்பட்டு.

நிறுத்தி வைத்த விமானத்துக்குத் தான் நிற்பது தெரியாது. எதிரிலிருந்து மணிக்கு 90 கிலோமீட்டரில் காற்று வந்தால், அது ஓடுபாதையில் 90 கிலோமீட்டரில் ஓடிக்கொண்டிருப்பதும் கட்டிப்போட்டபடி நிற்பதும் இறக்கைக்கு ஒன்றுதான். 172 தரையைவிட்டு எழும் வேகம் ஏறக்குறைய அதுவே. கயிறு மூன்றும் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கயிறு பிடிக்காத பாகங்கள் மூன்று உண்டு. இறக்கையின் பின்விளிம்பில் ஏறியிறங்கும் ஏலரான், வாலில் படுத்திருக்கும் எலிவேட்டர், வாலில் நிமிர்ந்து நிற்கும் ரட்டர். பறக்கக் கற்றபோது எனக்காக இவற்றுக்குப் பெயர் வைத்துக்கொண்டேன்: இறக்கைமடல், வால்மடல், சுக்கான். முதல் இரண்டும் நான் ஒட்டவைத்தவை. சுக்கான் மட்டும் படகிலிருந்து நேராக வந்து உட்கார்ந்துகொண்டது.

இரண்டு விரலால் தொட்டால் அசைய வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டவை இவை. அதனாலேயே நிறுத்தத்தில் தொல்லை. பின்னாலிருந்து ஒரு வீச்சு வந்தால் சுக்கான் ஒரு பக்கத்துத் தடுப்பில் போய் மோதும், அடுத்த வீச்சில் மறு பக்கம். இரவில் காற்று நாளில் திடலுக்குப் போனால் வரிசையாக நிற்கும் விமானங்களிலிருந்து டம், டம் என்று சத்தம் கேட்கும், யாரோ பூட்டிய வீடுகளின் கதவைத் தட்டிக்கொண்டு போவதுபோல. ஒவ்வொரு தட்டலும் ஒரு கீலை, ஒரு ரிவெட்டை, மடலிலிருந்து இருக்கைவரை ஓடும் கம்பிவடத்தை, அது சுற்றிவரும் கப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. வெளியே எதுவும் தெரியாது. பெரிய விமானம் ஒன்று பக்கத்தில் திரும்பும்போது அதன் எஞ்சின் காற்றும் இதே வேலையைச் செய்யும். அதற்குப் புயல்கூடத் தேவையில்லை.

ஆகவே மடல்களைப் பூட்ட வேண்டும்.

செஸ்னா தொழிற்சாலையிலிருந்தே ஒரு பூட்டு வந்தது. வளைத்த ஓர் எஃகுக் கம்பி, அதன் தலையில் சிவப்புத் தகடு, அவ்வளவுதான். விமானி பிடிக்கும் யோக்கின் தண்டில் ஒரு துளை, அந்தத் தண்டு கருவிப்பலகைக்குள் நுழையும் கழுத்தில் ஒரு துளை. யோக்கைக் கொஞ்சம் இழுத்து இரண்டையும் நேராக்கிக் கம்பியைச் செருக வேண்டும். இறக்கைமடல்கள் நடுவில் நின்றுவிடும். வால்மடல் சற்றே கீழ்நோக்கி நிற்கும். எதிர்க்காற்று அடித்தால் வாலைத் தூக்கி மூக்கைத் தாழ்த்தும், இறக்கை காற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பாது. அதற்காகவே அந்த ஏற்பாடு. எனக்குப் பிடித்தது தகடுதான். ஒழுங்காகச் செருகினால் அது சாவித்துளையின் மேலேயே வந்து தொங்கும். எஞ்சினைக் கிளப்பச் சாவியைக் கொண்டுபோனால் கை தகட்டில் இடிக்கும்.

ஐம்பது வருடத்தில் அந்தக் கம்பி எங்கே இருக்கும்? யாருடைய கார் டிக்கியிலோ, ஏதோ ஒரு கொட்டகையின் பெயின்ட் டப்பாவுக்குப் பின்னாலோ. பழைய 172 வாங்குபவர்களுக்குப் பெரும்பாலும் கம்பிக்குப் பதிலாக ஒரு போல்ட்டோ ஆணியோதான் கிடைக்கிறது. நான் கற்ற இடத்தில் ஒரு விமானத்தில் ஆறங்குல ஆணி இருந்தது. தலையில் சிவப்புத் துணிக் கிழிசல் கட்டியிருந்தார்கள், எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்தால் லாரியில் தொங்கவிடலாம். ஆணி தண்டை நன்றாகவே பிடித்தது. ஆனால் சாவித்துளையை மறைக்கவில்லை. அசலில் இருந்த இரண்டு வேலையில் ஒன்றை மட்டும் செய்கிற பொருள் அது, அதுவும் முக்கியம் குறைந்ததை. கடையில் விற்கும் மாற்றுக் கம்பிகளில் மலிவானவையும் இப்படித்தான்: ஊசி, ஒரு வளையம், வளையத்தில் ஒரு நாடா. கடையில் வாங்கியதால் மட்டும் அது ஆணியைவிட மேல் ஆகிவிடாது.

அந்த நாடாவைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு நாடா என்றால் தமிழ்ப் பத்திரிகை படித்து வளர்ந்தவனுக்குத் தாலுகா ஆபீஸ்தான் நினைவுக்கு வரும். இங்கே அது ‘பறக்குமுன் அகற்று’ என்று வெள்ளை எழுத்தில் எழுதி, விமானத்தில் எதெல்லாம் இருக்கக் கூடாதோ அதிலெல்லாம் தொங்கும் துணி. இப்போது அதைச் சாவிக்கொத்தாக விற்கிறார்கள். விமானத்தின் பக்கமே போகாதவர்கள் ஜிப்பில் மாட்டித் திரிகிறார்கள். அடிக்கடி கண்ணில் பட்டால் எந்த எச்சரிக்கையும் அலங்காரமாகிவிடும்.

பைப்பர் செரோக்கிக்காரர்களுக்கு இந்தக் கம்பியே கிடையாது. விமானத்தோடு வரும் கையேடு அவர்களுக்குச் சொல்வது, இருக்கைப் பட்டையை யோக்கின் வழியாக வளைத்து இழுத்து மாட்டிவிடு என்பதுதான். முதலில் படித்தபோது சோம்பேறித்தனமாகப் பட்டது. இப்போது அதைவிடக் கெட்டிக்காரப் பூட்டு இல்லை என்று நினைக்கிறேன். பட்டை தொலையாது. அதைக் கழற்றாமல் விமானி தன்னைக் கட்டிக்கொள்ள முடியாது. ஒரே நிபந்தனை, இடது இருக்கையின் பட்டையாக இருக்க வேண்டும். வலது பட்டையால் கட்டிவிட்டுத் தனியாகப் பறக்கப் போனால் அந்தக் கெட்டிக்காரத்தனம் அத்தனையும் வீண். பட்டை துணி என்பதால் கொஞ்சம் தளரும், சுக்கானையும் அது பிடிக்காது. அது வேறு விஷயம்.

உண்மையில் சுக்கானைச் செஸ்னாவின் கம்பியும் பிடிக்காது. காற்று அதிகமுள்ள இடங்களில் சுக்கானுக்கு வெளியிலிருந்து தனிப் பூட்டுப் போடும்படி 172-இன் கையேடே சொல்கிறது. இங்கேதான் வீட்டுத் தச்சர்கள் உள்ளே வருகிறார்கள்.

எங்கள் நால்வரில் மூத்தவர் கடைசல் பட்டறையில் நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். 79 வயது. என் பெயரின் முதல் இரண்டு எழுத்தோடு நிறுத்திக்கொள்வார். மீதி இருப்பது அவருக்குத் தெரியும், தேவைப்படவில்லை. மற்ற இருவரில் ஒருவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், இன்னொருவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட இருபது வருடத்துக்குப் பிறகும் எனக்கு நாக்கு எழாததால், இங்கே பெரியவர் என்றே எழுதுகிறேன்.

பெரியவருடைய பூட்டுகள் ஒட்டுப்பலகையில் செய்தவை. ஒன்றரை அடி நீளத்தில் இரண்டு துண்டு; ஒன்று இறக்கையின் மேலே, ஒன்று கீழே, இறக்கையும் மடலும் சேரும் இடைவெளிக்குக் குறுக்காக. நடுவில் ஒரு போல்ட் அந்த இடைவெளி வழியாக இறங்கும். காது வைத்த நட்டால் கையாலேயே இறுக்கலாம். பலகையின் உள்பக்கத்தில் முதலில் பழைய கம்பளத் துண்டு ஒட்டியிருந்தார். ஒரே வருடத்தில் அதைப் பிய்த்துப் போட்டார். கம்பளம் மழையைக் குடித்து அலுமினியத்தின் மேலேயே வைத்துக்கொள்கிறது. டெக்சஸ் தூசியும் சேர்ந்தால் உப்புத்தாள்போல பெயின்ட்டைத் தேய்க்கும். இப்போது தண்ணீர் குடிக்காத ரப்பர் நுரை. குழந்தைகள் நீச்சல் குளத்தில் மிதக்க வைத்துக்கொள்ளும் நீள நுரைத்தண்டைப் பிளந்து பிவிசி குழாயில் சுற்றிச் செய்வதும் உண்டு. பெரியவருக்கு அது பிடிக்காது. வெயிலில் ஒரே கோடையில் பொடியாகிவிடும் என்பார். சுக்கானுக்குச் செய்தது கவிழ்த்த ‘ப’ வடிவம். மேலிருந்து வால் தகட்டையும் சுக்கானையும் சேர்த்துக் கவ்வும், கீழே ரப்பர் கயிற்றுக் கொக்கி.

இந்த விமானத்தில் ஒரு திருகாணியை மாற்றினால் அதற்குப் பதிவேட்டில் ஒரு வரி வேண்டும். பறக்கும்போது கூட வராத இந்தப் பலகைகளுக்கு யாரும் தாள் கேட்பதில்லை. அதனால்தான் இத்தனை விதம். திடலில் ஒரு நடை நடந்தால் பெட்டி செய்த மரம், விளம்பரத் தட்டி, ஒரு விமானத்தில் பனிச்சறுக்குக் கட்டையின் பாதி என்று எல்லாம் பார்க்கலாம். எங்கள் நர்ஸுக்கு இதெல்லாம் ஒவ்வாது. கடையில் ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பூட்டு கிடைக்கிறதே, நிறமும் நன்றாகத் தெரிகிறதே, ஏன் இந்த மரக்கடை என்று கேட்டார். வாங்கியும் வந்தார். ஒரு காற்று நாளுக்குப் பிறகு அதில் ஒன்றை வேலியோரம் கண்டெடுத்தோம். எல்லா விமானத்துக்கும் பொருந்தும் என்று உறையில் எழுதியிருந்தது. எல்லாவற்றுக்கும் பொருந்துவது எதிலும் இறுக்கமாக நிற்காது, தீபாவளிக்கு மொத்தமாக எடுக்கும் சட்டைபோல. காற்று தள்ளுவதோடு நிறுத்தாது, நடுங்க வைக்கும். நடுக்கத்தில் எதுவும் மெல்ல மெல்ல வழுக்கி வெளியே வந்துவிடும்.

வெளிப்பூட்டா உள்பூட்டா என்பதுதான் இதில் நிஜமான கேள்வி, மரமா பிளாஸ்டிக்கா என்பது இல்லை. யோக்கைப் பூட்டினால் மடலில் விழும் அடி கம்பிவடம், கப்பி, நெம்புகோல் எல்லாவற்றின் வழியாகவும் ஓடிவந்து கடைசியில்தான் பூட்டில் நிற்கும். வழியிலுள்ள எல்லாமும் வாங்கிக்கொள்ளும். மடலையே வெளியில் கவ்வினால் அடி அங்கேயே நின்றுவிடும். விமானத்துக்கு வெளிப்பூட்டுத்தான் நல்லது. ஆனால் விமானியின் கண்ணெதிரே இருப்பது உள்பூட்டு. வெளிப்பூட்டு அவர் முதுகுக்குப் பின்னால், இறக்கைக்கு மேலே, இருட்டில். விமானத்தை அதிகம் காப்பது எதுவோ அதுவே மறக்க எளிது. இதற்குத் தீர்வு ஒன்றும் என்னிடம் இல்லை. பெரியவரிடம் ஒன்று இருந்தது. அதற்கு வருகிறேன்.

1935 அக்டோபர் 30 அன்று ஒஹையோவின் டேட்டன் நகரில், ரைட் ஃபீல்ட் என்ற ராணுவத் திடலில், போயிங் நிறுவனம் தன் மாடல் 299-ஐ ராணுவத்திடம் காட்டிக்கொண்டிருந்தது. நான்கு எஞ்சின், போட்டிக்கு வந்த மற்றவற்றைவிடப் பெரியது, வேகமானது. காற்றில் ஆடாமல் மடல்களைப் பிடிக்கும் பூட்டை விமானி தன் இடத்திலிருந்தே போடவும் எடுக்கவும் முடியும். வெளியே இறங்கிப் பலகை மாட்ட வேண்டாம். மேஜர் பிளாயர் ஹில் ஓட்டினார். ராணுவத்தின் மிகத் தேர்ந்த சோதனை விமானிகளில் ஒருவர். விமானம் எழும்பியது, செங்குத்தாக ஏறியது, வேகம் இழந்து விழுந்து எரிந்தது. ஹில்லும் போயிங்கின் தலைமைச் சோதனை விமானி லெஸ்லி டவரும் இறந்தார்கள். மற்ற மூவர் தப்பினார்கள். விசாரணையில் எஞ்சினிலோ இறக்கையிலோ கோளாறு இல்லை. பூட்டு எடுக்கப்படவில்லை.

இதற்குப் பிறகுதான் விமானிகள் பட்டியலைப் பார்த்துச் சரிபார்க்கும் வழக்கம் வந்தது. அந்த விமானம் பிறகு பி-17 என்ற பெயரில் 12,000-க்கும் மேல் செய்யப்பட்டது. மருத்துவர் அதுல் கவாண்டே 2009-இல் எழுதிய சரிபார்ப்புப் பட்டியல் பற்றிய புத்தகத்தின் வழியாக இந்தக் கதை மருத்துவமனைகளுக்கும் எங்கள் கணினித் துறைக்கும் வந்து சேர்ந்தது. நான் வேலைக்குப் போன மூன்று நிறுவனங்களில் இந்தக் கதையோடு தொடங்கும் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லா வகுப்பிலும் நீதி பட்டியல்தான். பூட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பூட்டியபடியே முழு வேகத்தில் ஓடி மேலே எழும்ப முடிகிற ஒரு பூட்டை ஏன் செய்தார்கள் என்பது எனக்கு முதலில் வந்த கேள்வி.

அந்தக் கேள்வி பொறியாளர்களுக்கும் வந்திருக்கிறது. அதன் பதில்தான் சாவித்துளையை மறைக்கும் தகடு. பெரிய ஜெட்களில் இன்னும் நுட்பம்: பூட்டு போட்டிருந்தால் எஞ்சின் விசைக்கோலை ஓரளவுக்கு மேல் தள்ள முடியாதபடி இயந்திரமே தடுக்க வேண்டும். 2014 மே 31 இரவு மாசசூசெட்ஸின் பெட்ஃபர்டில் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி-4 ஒன்று அப்படிப்பட்ட பூட்டோடுதான் ஓடுபாதைக்கு வந்தது. தடுப்பு நினைத்த அளவுக்குத் தடுக்கவில்லை. விசைக்கோல் போக வேண்டியதைவிட அதிகம் போனது. விமானம் ஓடியது, எழும்பவில்லை. பாதை முடிந்து, புல்வெளி தாண்டி, ஓடைப் பள்ளத்தில் போய் எரிந்தது. ஏழு பேரும் இறந்தார்கள். ஃபிலடெல்ஃபியா இன்க்வயரர் பத்திரிகையின் உரிமையாளர்களில் ஒருவரான லூயிஸ் கேட்ஸ் அதில் இருந்தார்.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விமானத்தின் பதிவுக் கருவியைப் பின்னோக்கிப் பார்த்தது. யோக்கை நான்கு பக்கமும் முழுவதுமாக அசைத்துப் பார்ப்பது என்பது ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை. சில நொடி வேலை. முந்தைய 175 புறப்பாடுகளில் 98 சதவீதத்தில் அது முழுமையாகச் செய்யப்படவில்லை. அந்த இரண்டு விமானிகளும் பல வருடம் சேர்ந்து பறந்தவர்கள். அந்த எண்ணைப் படித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஒருவரை ஒருவர் நம்பாத இரண்டு புதியவர்களாக இருந்தால் அசைத்துப் பார்த்திருப்பார்கள் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

என் வேலையிலும் பூட்டுகள் உண்டு. இரவில் தரவுத்தளத்தை மாற்றும்போது வெளியார் நுழையாமல் ஒரு தடை போடுவோம். விடியுமுன் எடுக்க வேண்டும். எடுக்க மறந்தால் காலையில் யாராவது கத்துவார்கள், யாரும் சாக மாட்டார்கள். ஆனால் எங்கள் விமானத்துக்கும் அந்த வேலைக்கும் ஒரு பொது இடம் இருக்கிறது: போடுகிறவர் ஒருவர், எடுக்கிறவர் இன்னொருவர். வெள்ளிக்கிழமை நர்ஸ் போட்ட பூட்டை ஞாயிற்றுக்கிழமை நான் எடுக்கிறேன். அவர் எத்தனை போட்டார் என்பது எனக்குத் தெரியாது. அதனால் பலகைகளில் பெரியவர் எண் போட்டார். வெளியே மூன்று, உள்ளே ஒன்று. பையில் நாலும் திரும்பி வந்தால்தான் கதவைச் சாத்தலாம்.

போன அக்டோபரில் ஒரு ஞாயிறு காலை. காற்றே இல்லை. பெரியவர் எட்டு மணிக்கு எடுத்துக்கொள்வதாகவும் பத்து மணிக்கு எனக்கென்றும் ஏற்பாடு. நான் சீக்கிரம் போய் அலுவலகத்துக் கண்ணாடிக்குப் பின்னால் காபியோடு நின்றேன். எங்கள் விமானம் ஓடுபாதை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. வலது இறக்கையின் பின்னால் சிவப்பு நாடா தொங்கியது.

ஓடித் தடுக்கிற தூரத்தில் இல்லை. அலுவலகத்திலிருந்த பெண் ரேடியோவை எடுத்து, விமானத்தின் எண்ணைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார். பதில் இல்லை. மூன்றாவது முறை கூப்பிடும்போது விமானம் பாதைக்கு முன்னால் எஞ்சினைச் சோதிக்கும் இடத்தில் நின்றது. எஞ்சின் சத்தம் ஏறியது, இறங்கியது. இந்த இடத்தில்தான் இரண்டு கையாலும் யோக்கைப் பிடித்து, கட்டைவிரல்களை நிமிர்த்தி வைத்துக்கொண்டு இடதும் வலதும் திருப்ப வேண்டும். விரல் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கத்து மடல் மேலே ஏறியிருக்க வேண்டும். அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அது. என்னைப் பயிற்றுவித்தவர் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனதை அவர்தான் நிறுத்தி நிதானமாகக் காட்டினார். நாங்கள் கண்ணாடிக்குப் பின்னால் நின்றோம். புரொபெல்லர் நின்றது. கதவு திறந்தது.

அவர் இறங்கி, வலது இறக்கைக்குப் போய், பலகையைக் கழற்றினார். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். வெகுநேரம். நான் போய்ச் சேர்ந்தபோது, “மூன்று எடுத்தேன். போன் வந்தது. நாலு எடுத்துவிட்டதாக நினைத்தேன்” என்றார். பையை எண்ணவில்லையா என்று நான் கேட்கவில்லை. எண் போட்டவரே அவர்தானே. “நீ ஓட்டு” என்று சாவியைக் கொடுத்தார். அன்று நாங்கள் இருவரும் சேர்ந்தே போனோம். அவர் வலது பக்கம் உட்கார்ந்து சோளக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அவரைக் காப்பாற்றியது பட்டியல் என்று சொல்லலாம், பழக்கம் என்றும் சொல்லலாம். எங்களுக்கு அது பெரிதாகப் படவில்லை. மற்ற மூவருக்கும் அடுத்த ஒரு மாதம் ஒரே கேள்விதான்: அவரிடம் யார் பேசுவது? ஊரில் அப்பாவிடமிருந்து ஸ்கூட்டர் சாவியை வாங்க எங்கள் வீட்டுக்கு இரண்டு வருடம் பிடித்தது. பெரியப்பா சொன்னால்தான் கேட்பார் என்று பெரியப்பாவைப் பிடித்தோம். பெரியப்பாவோ தன் சாவியும் போய்விடும் என்று நழுவினார். இங்கே பெரியப்பா இல்லை. நர்ஸ் தான் பேசுவதாகச் சொன்னார். வாரம் ஒன்றாகத் தள்ளிப்போட்டார்.

இதற்கிடையில் பெரியவர் ஒரு கயிறு கொண்டுவந்தார். ஆரஞ்சு நிறம், விரல் தடிமன். மூன்று வெளிப்பூட்டுகளையும் அது ஒன்றோடொன்று கோத்தது. சுக்கானில் தொடங்கி, வலது இறக்கை, இடது இறக்கை என்று வந்து, அதன் முனையிலிருந்த கொக்கி விமானியின் கதவுப் பிடியில் மாட்டியது. கொக்கியைக் கழற்றாமல் உள்ளே ஏற முடியாது. கழற்றினால் கையில் ஒரு கயிற்றின் முனை இருக்கும். “கையில் கயிறு இருந்தால் மறுமுனை எங்கே என்று யாரும் பார்க்கத்தான் செய்வார்கள்” என்றார். காற்றில் கயிறு விமானத்தின் உடம்பில் அடித்து பெயின்ட் போகும் என்று வாத்தியார் சொன்னார். மறுவாரம் கயிற்றின் மேல் தோட்டத்து ரப்பர் குழாய் ஏறியிருந்தது.

கயிற்றைக் கட்டிக்கொண்டே, உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். பூட்டு என்றேன். பிறகு, தாத்தா வீட்டில் மாட்டு வண்டி இருந்தது, புறப்படும் நேரம் ‘வண்டியைப் பூட்டு’ என்பார், மாட்டை நுகத்தில் பூட்டினால்தான் வண்டி நகரும் என்றும் சொன்னேன். யோக் என்று நீங்கள் சொல்கிறீர்களே, அது அந்த நுகம்தான். அவர் கொஞ்சம் யோசித்தார். “ஆக உங்கள் ஊரில் பூட்டினால் கிளம்பும்” என்றார். “வண்டி கிளம்பும். வீடு கிளம்பாது” என்றேன். அதற்குச் சிரித்தார். அந்த அக்டோபருக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

நவம்பர் கடைசியில் வருடக் கணக்குப் பார்க்கக் கூடினோம். எஞ்சின் செலவு, காப்பீடு, கட்டிடத்து வாடகை. முடியும் நேரம் அவர் சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்து, பங்குக்கு ஆள் பார்க்கச் சொன்னார். நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “நீ பேச வேண்டாம்மா, ஒரு மாதமாக உன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்” என்றார் அவர்.

பிப்ரவரியில் பங்கை வாங்கியவர் 26 வயதுப் பெண். முதல் நாள் கயிற்றைப் பார்த்துவிட்டு, இது என்ன, கொடிக்கயிறா என்று கேட்டார். பெரியவர் இருபது நிமிடம் விளக்கினார். 1935-ஐச் சொன்னார், பெட்ஃபர்டைச் சொன்னார், நீச்சல் குளத்து நுரை ஏன் ஆகாது என்றும் சொன்னார். அக்டோபர் ஞாயிறையும் சொன்னார், பெயர் போடாமல் அல்ல, தான்தான் என்று சொல்லியே. அந்தப் பெண் கேட்டுக்கொண்டு, ஒரு கேள்வி கேட்டார்: உள்ளே இருக்கும் நாலாவது ஏன் கயிற்றில் இல்லை?

யோக்கில் இருப்பது தொழிற்சாலைக் கம்பியேதான், எங்கிருந்தோ பெரியவர் தேடிப்பிடித்தது. அதன் தகடு சாவித்துளையை மறைக்கும், ஆகவே கயிறு தேவையில்லை என்று நான் சொன்னேன். பெரியவர் மறுத்துத் தலையாட்டினார். தகடு வளைந்திருக்கிறது, இப்போதெல்லாம் அதை ஒதுக்கிக்கொண்டு சாவி நுழைகிறது, போன வாரம் நுழைத்துப் பார்த்தேன் என்றார். நாலாவதற்கும் ஒரு கிளைக் கயிறு வேண்டும், கதவு இடுக்கு வழியாக வர வேண்டும், கதவின் ரப்பர் நசுங்கக் கூடாது. அவர் சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, அதன் ஒரு முனையை அந்தப் பெண்ணிடம் பிடிக்கச் சொன்னார்.